பேட் மாற்றிய பிறகும் பிரேக் கீச்சிடுவது ஏன்?

கிருஷ்ணகிரி வாசகர் ஒருவரின் கூற்று, 10 ஆகஸ்ட் 2024

"என் கார் வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன; 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பொங்கலுக்கு முன்பு முன்சக்கர பிரேக் கீச்சிடத் தொடங்கியதால் இரண்டு பக்கமும் புது பேட் போட்டேன். இரண்டு வாரம் அமைதியாக இருந்தது. பிறகு அதே கீச்சொலி. பட்டறையில் பேட்டின் ஓரத்தை அரம் வைத்துச் சரித்துக் கொடுத்தார்கள். அது நான்கு நாள் தாங்கியது. இப்போது நான் தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு அம்மா கேட்டைத் திறந்துவிடுகிறார். சந்தையில் இன்று கிடைக்கும் பேட்கள் எல்லாமே சத்தம் போடும் சரக்குதான், அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். மறுப்பவர் இருந்தால் மறுக்கலாம்."

11 ஆகஸ்ட் 2024, காலை

மறுக்கிறேன். பேட் என்பது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை; அது தானாகச் சத்தம் போடுவதில்லை. அது டிஸ்க்கை அதிர வைக்கிறது, டிஸ்க்தான் கத்துகிறது. பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பை விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். இன்னொரு விரலை விளிம்பின்மேல் லேசாக வைத்துக்கொண்டு சுண்டினால் ஒலி அங்கேயே அடங்கிவிடும். பிரேக் டிஸ்க் என்பது நிமிடத்துக்குச் சில நூறு முறை சுழலும் ஒரு வார்ப்பிரும்புத் தாம்பாளம். பேட் அதன்மேல் ஒட்டி, வழுக்கி, மீண்டும் ஒட்டி, மீண்டும் வழுக்கி, நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் அதைச் சுண்டிக்கொண்டே இருக்கிறது. வயலினில் வில் தந்தியைப் பேச வைப்பதும் இதே விதத்தில்தான். இந்த அதிர்வை அடக்கும் விரல்கள் மூன்று: பேட்டின் முதுகில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடு, பேட்டின் காதுகளைப் பிடித்துக்கொள்ளும் எஃகுக் கிளிப்புகள், பேட்களை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கவ்வியான காலிப்பர் தடையின்றி நகர்வதற்கான ஸ்லைடு பின்கள். இந்த மூன்றையும் தொடாமல் பேட்டை மட்டும் மாற்றிவிட்டுச் சத்தம் போகவில்லை என்று பேட்டைக் குறை சொல்வது, திரி மாற்றிய பிறகும் விளக்கு எரியவில்லை என்று திரியைத் திட்டுவதைப் போன்றது. எண்ணெய் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்திருக்கலாம்.

இந்தச் சண்டை காதுக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் இடையே ஆரம்பம் முதலே உண்டு. இங்கிலாந்தில் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது அதில் செம்பாலான பட்டைகள்தான் டிஸ்க்கைப் பிடித்தன. உலோகத்தோடு உலோகம் உரசிய அந்த அலறலைப் பொறுக்க முடியாமல், 1907-இல் ஹெர்பர்ட் ஃப்ரூட் பட்டைகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் பூச்சுக் கொடுத்த பிறகே காது பிழைத்தது. ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலை அழிக்கிறது என்று பின்னாளில் தெரிந்தது வேறு கதை.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதை எனக்குச் சொல்லுங்கள். காலையில் வண்டி எடுத்தவுடனா, பத்துக் கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பிறகா? பெடலை லேசாகத் தொடும்போதா, அழுத்தி மிதிக்கும்போதா? பெடலைத் தொடாமலே வந்து, தொட்டதும் நிற்கிறதா? இடமா, வலமா? பக்கம் தெரியவில்லை என்றால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நீளமான மதில் ஒன்றை ஒட்டி மெதுவாக ஓட்டி பிரேக்கைத் தொடுங்கள். மதிலில் பட்டுத் திரும்பும் ஒலி பக்கத்தைச் சொல்லிவிடும்.

11 ஆகஸ்ட் 2024, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். மழை பெய்த மறுநாளோ, காரைக் கழுவி நிறுத்திய மறுநாளோ, முதல் இரண்டு மூன்று முறை மட்டும் 'சர்ர்' என்று உரசும் ஒலி வந்து மறைந்தால், அது டிஸ்க்கின்மேல் இரவோடு இரவாகப் படிந்த துரு. வார்ப்பிரும்பு அப்படித்தான். அதற்காக யாரும் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

14 ஆகஸ்ட் 2024

கிருஷ்ணகிரி நண்பரின் பதில் வந்துவிட்டது: காலையில் சத்தம் இல்லை, சூலகிரி வரை போய்த் திரும்பினால் வருகிறது, லேசாகத் தொட்டால் கீச்சிடுகிறது, அழுத்தினால் அடங்குகிறது, இடது முன்சக்கரம். "ஆனால் பேட் நன்றாகத்தான் இருக்கிறது, அலாய் வீலின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன், குறைந்தது 8 மி.மீ. இருக்கிறது" என்று கடைசியில் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு என் பழைய தவறு நினைவுக்கு வந்தது. 2019 கோடையில் நானும் இதே போல டார்ச் அடித்துப் பார்த்து, பேட் பாதிக்கு மேல் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். சத்தம் கீச்சொலியிலிருந்து கரகரப்பாக மாறியபோதும், கிரஷர் பக்கம் போய்வந்த தூசி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒகேனக்கல் போவதற்காகப் பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் இறங்கியபோது, இரண்டாவது வளைவிலேயே அம்மிக்கல்லை இழுப்பது போன்ற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கழற்றிப் பார்த்தால், வெளிப்பக்கப் பேட்டில் 6 மி.மீ. மிச்சம் இருந்தது, உள்பக்கப் பேட்டில் உராய்வுப் பொருளே இல்லை, முதுகுத் தகடு நேரடியாக டிஸ்க்கைச் செதுக்கி, கிராமஃபோன் தட்டைப் போல வரி வரியாக வெட்டி வைத்திருந்தது. பேட்டோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க் வரை போயிற்று.

இதற்குக் காரணம் எளியது. நம் கார்களில் பெரும்பாலும் இருப்பது மிதக்கும் காலிப்பர். பெடலை மிதித்ததும் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் உண்டு. அது உள்பக்கப் பேட்டை நேரே தள்ளும். அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் ஸ்லைடு பின்களின்மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேட்டை இழுத்துக்கொண்டு வரும். அந்த ஸ்லைடு பின் இறுகிவிட்டால் வெளிப்பக்கப் பேட் பெயருக்குத் தொடும், உள்பக்கப் பேட்டே எல்லா வேலையையும் செய்து தேயும், பெடலை விட்ட பிறகும் டிஸ்க்கை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். வீல் இடைவெளி வழியாக நமக்குத் தெரிவது வேலை செய்யாத பேட் மட்டுமே.

ஆகவே, நண்பரே, அந்த 8 மி.மீ.-ஐ நம்ப வேண்டாம். கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள்: பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். தொட வேண்டாம், அருகில் கொண்டு போனால் போதும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால், அந்தப் பக்கத்துப் பேட் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது.

15 ஆகஸ்ட் 2024

விடுமுறை நாள். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு என் காரைப் பார்க்காமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியதால், வாசலில் வைத்து இடது முன்சக்கரத்தைக் கழற்றினேன். கழற்றிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தேன். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட்டு, பிறகுதான் ஜாக்கியால் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் ஸ்டாண்டு வைத்தேன்; ஸ்டாண்டு இல்லாதவர்கள் கழற்றிய சக்கரத்தையாவது கதவுக்குக் கீழே படுக்க வைக்கலாம். காலிப்பரின் கீழ்ப்பின் போல்ட்டைக் கழற்றியதும் காலிப்பர் மேல்பின்னை அச்சாகக் கொண்டு கதவைப் போல மேலே திறந்துகொண்டது. அதைக் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டினேன். பிரேக் ஹோஸில் காலிப்பரைத் தொங்கவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. ஹோஸின் உள்ளே ஏற்படும் விரிசல் வெளியே தெரியாது.

பேட்கள் இரண்டையும் எடுத்து வெர்னியர் வைத்து அளந்தேன். முதுகுத் தகட்டைச் சேர்க்காமல், உராய்வுப் பொருளின் தடிமனை மட்டும் அளக்க வேண்டும். வெளிப்பக்கம் 7 மி.மீ., உள்பக்கம் 5.5 மி.மீ. புதிதாக வரும்போது பொதுவாக 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும், 3 மி.மீ.-க்கு வந்துவிட்டால் நான் மாற்றிவிடுவேன். சில பேட்களில் ஓரத்தில் வளைந்த சிறு எஃகு நாக்கு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்து அந்த அளவுக்கு வரும்போது அது டிஸ்க்கைத் தொட்டு வேண்டுமென்றே கீச்சிடும். பெடலைத் தொடாமல் ஓடும்போது கீச்சிட்டு, தொட்டதும் நிற்பது பெரும்பாலும் இந்த நாக்கின் வேலைதான்.

அடுத்து பின்களைப் பார்த்தேன். மேல்பின்னை இரண்டு விரல்களால் இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது; உள்ளே அழுத்திக் கைவிட்டால் உள்ளே இருக்கும் காற்று மெதுவாக அதை வெளியே தள்ளியது. அது நல்ல அறிகுறி. கீழ்ப்பின்னோ கொறடு வைத்துத் திருகித் திருகி இழுக்க வேண்டியதாக இருந்தது. வெளியே வந்தபோது அதன் நடுப்பகுதியில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. ரப்பர் உறையின் மடிப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல், அதன் வழியாக நீர் போயிருக்கிறது. என் காரில் சத்தமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் 2019-ஆம் ஆண்டுக் கதை மீண்டும் நடந்திருக்கும். அந்தக் கதையை நேற்று உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த ஆளின் வண்டியிலேயே.

பின்னைத் துடைத்து, துருவை நுண்ணிய உப்புத்தாளால் எடுத்து, துளையையும் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி மாட்டினேன். உறை மட்டும் நாளை கடையில் வாங்க வேண்டும். பேட்டின் காதுகள் உட்காரும் பிராக்கெட் பள்ளத்தில், கிளிப்புக்கு அடியில், பொருக்குத் துரு படிந்திருந்தது. அதை வயர் பிரஷால் பளபளப்பாகத் தேய்த்தேன். இந்த இடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: அங்கே அரை மில்லிமீட்டர் துரு ஏறினாலும் கிளிப் உள்நோக்கித் தள்ளப்பட்டு, பேட் நகர முடியாமல் நெரிபடும்.

17 ஆகஸ்ட் 2024

திருத்தம். பாலக்கோட்டில் இருபது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் என்னைக் கண்டித்திருக்கிறார். அவர் கண்டித்தது நியாயம். "கிரீஸ் தடவி மாட்டினேன் என்று நீ எழுதிவிட்டுப் போய்விடுவாய், படிப்பவன் வீல் பேரிங்குக்குப் போடும் மஞ்சள் கிரீஸை அள்ளி அப்பிவிட்டு என்னிடம் வந்து நிற்பான்" என்கிறார். பெட்ரோலியம் சார்ந்த சாதாரண கிரீஸ் பட்டால் ஸ்லைடு பின்னின் ரப்பர் உறையும் பிஸ்டன் சீலும் ஊதிப் பெருத்துவிடும். அந்தப் பின் முன்பைவிட மோசமாக இறுகும். பின்களுக்கு சிலிகான் கிரீஸ் அல்லது பிரேக்குக்கென்றே விற்கும் செயற்கை கிரீஸ்தான் போட வேண்டும், அதுவும் மெல்லிய பூச்சாக. அதிகம் போட்டால் துளைக்குள் காற்று அடைபட்டு, அந்தப் பின் உள்ளே போக மறுக்கும்.

இன்னொன்றையும் அவர் சொல்கிறார். சில வண்டிகளில் இரண்டு பின்களும் ஒன்றுபோல இருக்காது. ஒன்றின் முனையில் ரப்பர் வளையம் இருக்கும். அதை மேலே போட வேண்டுமா, கீழே போட வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். எனவே கழற்றும்போதே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நான் எடுக்கவில்லை, மறுபக்கச் சக்கரத்தையும் கழற்றி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன்.

பேட்டின் முகத்திலோ டிஸ்க்கிலோ கிரீஸோ எண்ணெயோ விரல் நுனி அளவுகூடப் படக்கூடாது. "இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் போய்விடும்" என்று இந்தக் குறிப்புகளுக்குக் கீழே ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். போய்விடும்தான். பிரேக்கும் கூடவே போய்விடும்.

20 ஆகஸ்ட் 2024

வேறொருவரின் கேள்வி இடையில் வந்தது: பெடலுக்குச் சம்பந்தமே இல்லாமல், வண்டி உருண்டாலே தகரத்தைக் கீறுவது போல ஓயாத சத்தம், நேற்று மாலைதான் தொடங்கியது. கிரானைட் குவாரிச் சாலையில் போய்வந்தாரா என்று கேட்டேன். போயிருக்கிறார். டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள மெல்லிய தூசுத் தகட்டுக்கும் நடுவே ஒரு சிறு சல்லி சிக்கிக்கொள்வது இந்தப் பக்கத்தில் சர்வ சாதாரணம். நான்கைந்து முறை முன்னும் பின்னும் நகர்த்தினாலே சில நேரம் விழுந்துவிடும். இவருக்கும் விழுந்துவிட்டது. அதற்குள் ஒரு பட்டறையில் நான்கு சக்கரத்துக்கும் பேட், ஷூ (டிரம் பிரேக்கில் பேட்டின் வேலையைச் செய்வது) என்று மதிப்பீடு எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்களாம். அந்தக் கல்லை அவர் டேஷ்போர்டில் பிள்ளையார் பக்கத்தில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார்.

27 ஆகஸ்ட் 2024

கிருஷ்ணகிரி நண்பர் கழற்றிவிட்டார். முதலில் கைச்சோதனை: இடது சக்கரத்தில் அனல், வலது சக்கரத்தில் வெதுவெதுப்பு. பிறகு அளவு: இடப்பக்கத்தில் வெளிப்பக்கப் பேட் 8.5 மி.மீ., உள்பக்கப் பேட் 4 மி.மீ. பொங்கலிலிருந்து ஓடிய 7,000 கி.மீ.-இல் இந்த வித்தியாசம். கீழ்ப்பின்னைச் சுத்தியால் தட்டித்தான் எடுக்க முடிந்ததாம். கிளிப்புகள் ஏழு ஆண்டுகளுக்கு முன்பு வண்டியோடு வந்தவையே. பேட் மாற்றியபோது அவற்றைத் துடைக்கக்கூட இல்லை. பேட்டின் முகம் கண்ணாடி போல மின்னியதாகச் சொல்கிறார். அதாவது விடாமல் உரசிச் சூடேறி இறுகிப்போயிருக்கிறது; சூடான பிறகு மட்டும் சத்தம் வந்ததற்கும் அது பொருந்துகிறது.

புதுப் பின், உறை, கிளிப்புகள், பேட் எல்லாம் இரண்டு பக்கமும் சேர்த்தே போட்டிருக்கிறார். பிரேக் பாகங்களை ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் அது சரியான முடிவு. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பா வழிந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் பெயின்ட் உரிந்துவிட்டதாம். இதை முன்கூட்டியே சொல்லாதது என் தவறு: மூடியைத் திறந்து சிரிஞ்சால் கொஞ்சம் ஆயிலை எடுத்துவிட்டு, பிறகு பிஸ்டனை மெதுவாகத் தள்ள வேண்டும். பின்பக்கமும் டிஸ்க் உள்ள வண்டிகளில் பல பிஸ்டன்கள் திருகித்தான் உள்ளே போகும். மின்சாரப் பார்க்கிங் பிரேக் இருந்தால் ஸ்கேனர் இல்லாமல் அதில் கை வைக்கவே கூடாது.

வேலை முடிந்ததும் பெடலைக் கெட்டியாகும் வரை பத்து முறையாவது மிதிக்காமல் வண்டியை நகர்த்தக்கூடாது. தள்ளிய பிஸ்டன் முன்னே வரும் வரை பிரேக்கே இருக்காது. வீட்டு மதிலோடு முடிந்த ஒரு சம்பவத்தைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

அவருடைய டிஸ்க்கில் பேட் படாமல் தேயாது மிஞ்சிய, நகத்தால் உணரக்கூடிய ஓர் உதடு விளிம்பில் இருக்கிறது. லேத்தில் கொடுத்துச் சீவலாமா என்று கேட்கிறார். சீவலாம் என்றுதான் முதலில் பதில் எழுதினேன். இரவு யோசித்துப் பார்த்து மாற்றிக்கொண்டேன். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் நடுக்குடத்திலோ ஓரத்திலோ பொறிக்கப்பட்டிருக்கும். சீவிய பிறகும் அதற்கு மேல் இருந்தால்தான் சீவ வேண்டும். பெரும்பாலான சிறு கார்களில் புது டிஸ்க்குக்கும் அந்த எல்லைக்கும் இடையே 2 மி.மீ. அளவுதான் இடைவெளி. 68,000 கி.மீ. ஓடிய டிஸ்க்கில் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று அளக்காமல் லேத்துக்கு அனுப்புவது, அரிசி இருக்கிறதா என்று பார்க்காமல் உலை வைப்பதுதான்.

2 செப்டம்பர் 2024

அளந்திருக்கிறார், இடமிருந்தது, சீவியும் மாட்டியாயிற்று. சத்தம் முக்கால்வாசி போய்விட்டது. மீதம் இருப்பது இரண்டு: லேசான கீச்சொலி எப்போதாவது, அதோடு மெதுவாகப் போகும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒருமுறை 'கிணிங்'. இரண்டாவது சத்தம் முன்பு இல்லையாம்.

முதல் சத்தத்துக்குக் காரணம், அவர் பேட்டைப் பழக்காமல் விட்டது. புதுப் பேட்டின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் ஒரே சீராகப் படிய வேண்டும். அதன்பிறகே இரண்டும் அமைதியாகும். ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல் மீண்டும் வேகமெடுத்து, இடையே சற்று ஆறவிட்டு, பத்துப் பதினைந்து முறை செய்ய வேண்டும். கடைசியில் பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆற வைக்க வேண்டும்.

இதைத் தொப்பூர் இறக்கத்தில் செய்யலாமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூடவே கூடாது. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்த நெடுஞ்சாலைப் பகுதியில், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளால் இரட்டைப் பாலத்தருகே நடந்த விபத்துகள் நம் எல்லாருக்கும் தெரியும். அந்த லாரிகளுக்கு முன்னால் நீங்கள் காரணமின்றி வேகத்தைக் குறைத்து விளையாட வேண்டாம். காரில் இறங்கும்போதும் மூன்றாவது கியரில் வைத்து இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள். பிரேக்கை விட்டுவிட்டுத் தொடுங்கள், காலை அதிலேயே வைத்துக்கொண்டு வராதீர்கள்.

தொப்பூரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். இறக்கத்தில் பிரேக்கைக் காய்ச்சிவிட்டு, கீழே நெரிசலில் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால், பேட்டின் பொருள் டிஸ்க்கில் அந்த ஓர் இடத்தில் மட்டும் தடிப்பாக ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு 80-இல் பிரேக் அடித்தால் ஸ்டியரிங் உதறும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று எல்லாரும் சொல்வது பெரும்பாலும் இந்தத் திட்டுப் படிவுதான். டிஸ்க் வளைவது அரிது. நின்ற பிறகு ஹேண்ட்பிரேக்கை நம்பிப் பெடலை விட்டுவிடுங்கள்.

பெடல் பஞ்சுபோல ஆழமாகப் போனால் அது சத்தத்தைவிடப் பெரிய சேதி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகையில் புதிய ஆயில் 230 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது அதற்கான விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-உம் 140-உம். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான், கடைக்காரருக்கு வியாபாரம் ஆவதற்காக அல்ல.

இரண்டாவது 'கிணிங்' எனக்குப் பிடிபடவில்லை. யோசிக்கிறேன்.

3 செப்டம்பர் 2024

பிடிபட்டுவிட்டது. லேத்துக்காக டிஸ்க்கைக் கழற்றியபோது தூசுத் தகட்டை நெளித்திருப்பார்கள். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றச் சொல்லியிருக்கிறேன். எங்கே உரசுகிறதோ அங்கே திருப்புளி முனையால் தகட்டை ஒரு மயிரிழை வெளியே நெம்பினால் போதும்.

24 செப்டம்பர் 2024

டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் உருளைக்குள் ஷூ விரிந்து பிடிக்கும் டிரம் பிரேக்கைப் பற்றி யாருமே கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அக்காவின் கார் கேட்டுவிட்டது. பின்பக்கத்தில் 'முனகல்', அதுவும் ரிவர்ஸில் எடுக்கும்போது. பின்பக்கமா முன்பக்கமா என்று உறுதி செய்ய, காலி மைதானத்தில் நடக்கும் வேகத்தில் உருட்டிக்கொண்டு ஹேண்ட்பிரேக்கின் பொத்தானை அமுக்கியபடியே மெல்ல இழுத்தேன், அதே முனகல். ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தை மட்டும் பிடிப்பதால் சந்தேகம் தீர்ந்தது.

அவருடைய வழக்கமான பட்டறைக்குக் கூடவே போயிருந்தேன். டிரம்மைத் திறந்ததும் பையன் ஒருவன் ஏர் கன்னை எடுத்து உள்ளே அடித்தான். கரும்புகை போல் தூசி எழுந்து அவன் முகத்திலேயே படிந்தது. பழைய லைனிங்குகளில் (ஷூவின் உராய்வுப் பட்டைகளில்) ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அது இல்லையென்றாலும் அந்தத் தூசி சுவாசிக்கத் தக்கதல்ல. ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ கழுவி எடுப்பதே முறை. நான் சொன்னதற்கு அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, "பத்து வருசமா இதைத்தான் சார் மூச்சு விடுறேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குறை சிறியதுதான். ஷூவின் ஓரங்கள் பின்தட்டில் உரசி நகரும் மேடுகள் ஒவ்வொரு பக்கமும் சில இடங்களில் இருக்கும். அவை உலர்ந்து, பளபளப்பாகக் குழி விழுந்திருந்தன. அந்த மேடுகளில் மட்டும் அரிசி அளவு வெப்பம் தாங்கும் கிரீஸ் வைத்து மூடியதும் முனகல் நின்றது.

19 அக்டோபர் 2024

கிருஷ்ணகிரி நண்பரின் கடைசித் தகவல். தகட்டை நெம்பியதும் 'கிணிங்' போய்விட்டது. பழக்கிய பிறகு கீச்சொலியும் வரவில்லை. ஆறு வாரத்தில் 1,400 கி.மீ. ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறாராம். பேட் எல்லாம் சத்தம் போடும் சரக்கு என்ற கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், ஆனால் இப்போது தெருமுனையில் திரும்பினால் அம்மாவுக்குத் தெரிவதில்லை என்பதால் கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

நானும் ஒன்றைத் திரும்பப் பெற வேண்டும். முதல் குறிப்பில் பேட்டின்மேல் குற்றமே இல்லை என்பது போல எழுதிவிட்டேன். உலோகத் துகள் அதிகம் கலந்த பேட்கள் மற்றவற்றைவிட எளிதில் கீச்சிடும் என்பது உண்மை. ஷிம் இல்லாமல் வரும் மலிவான பேட்களை நானே வாங்கி ஏமாந்திருக்கிறேன். அவர் முதலில் போட்ட பேட்டில் ஷிம் இருந்ததா என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

20 அக்டோபர் 2024

இரவு முழுவதும் மழை. காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து ஒரே வரி: "மறுபடியும் சத்தம், 'சர்ர்' என்று, இரண்டு பக்கமும்."

துரு. 11 ஆகஸ்ட் இரவுக் குறிப்பைப் பாருங்கள். பேருந்து நிலையம் வரை போய் வாருங்கள். ஜாக்கியை எடுக்க வேண்டாம்.